திருகோணமலை வேடர் சமூகமும் அரசியலமைப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூதூர் கிழக்கிலும் வெருகலிலும் வாழும் வேடர்களைப் பற்றிப் பேச்செடுத்தால் சில கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சிலர் அக்கறையோடு கேட்கிறார்கள், சிலர் சந்தேகத்தோடு கேட்கிறார்கள். 2024இல் ஆட்சிக்கு வந்த தேசிய மக்கள் சக்தி புதிய அரசியலமைப்பு கொண்டுவருவதாக வாக்குறுதி கொடுத்திருக்கிறது. அந்த வேலை எப்போது தொடங்கினாலும் எங்கள் மாவட்டத்துப் பூர்வகுடிகள் அதற்குள் எங்கே நிற்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது. அதனால்தான் அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

வேடர்கள் மஹியங்கனைப் பக்கத்துத் தம்பானையில்தானே இருக்கிறார்கள்? திருகோணமலையிலும் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். மூதூர்ப் பிரிவின் கிழக்குப் பக்கம் போனால் சந்தோசபுரம், பாட்டாளிபுரம், வீரமாநகர், நல்லூர், இளக்கந்தை, உப்பூறல் என்று வரிசையாகக் கிராமங்கள் வரும். அங்கெல்லாம் வேடர் குடும்பங்கள் வாழ்கின்றன. தெற்கே வெருகல் பிரிவிலும், ஆற்றைத் தாண்டினால் மட்டக்களப்பு மாவட்டத்து வாகரையிலும் அவர்களுடைய உறவினர்கள் இருக்கிறார்கள். மாவட்ட எல்லையைப் போட்டவர்கள் அந்த உறவைப் பார்த்துப் போடவில்லை.

இவர்களைக் கரையோர வேடர் என்பார்கள். வீட்டில் பேசுவது தமிழ். களப்பில் மீன், காட்டில் தேனும் கிழங்கும் விறகும், இடையில் கூலி வேலை என்று சீவியம் போகிறது. குமார தெய்வம், கப்பல் தெய்வம், மூதாதையரான உத்தியாக்கள் என்று அவர்களுக்கே உரிய வழிபாடு உண்டு. சடங்கில் பாடும் பாட்டுகளில் பழைய வேடர் மொழியின் சொற்கள் இன்றும் கேட்கும். 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் ஆய்வே கிழக்குக் கரையின் வேடர்களைத் தனியாக எடுத்து எழுதியிருக்கிறது. ஆகவே இது அண்மையில் யாரோ கிளப்பிவிட்ட அடையாளம் என்று சொல்பவர்கள் ஒரு நூற்றாண்டுப் பதிவையாவது புரட்டிப் பார்க்கவேண்டும்.

இன்றைய அரசியலமைப்பு அவர்களைப் பற்றி என்ன சொல்கிறது?

ஒன்றும் சொல்லவில்லை. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பில் பூர்வகுடிகள் என்று ஒரு வரி கூட இல்லை.

12ஆம் உறுப்புரை எல்லோரும் சட்டத்தின் முன் சமம் என்கிறது. இனம், மதம், மொழி, சாதி, பால், பிறந்த இடம் போன்றவற்றைக் காட்டிப் பாகுபாடு செய்யக்கூடாது என்கிறது. நல்லது. அதே உறுப்புரையின் நான்காம் பந்தி, பெண்கள், சிறுவர்கள், வலது குறைந்தோர் ஆகியோரின் முன்னேற்றத்துக்கு அரசு விசேட ஏற்பாடு செய்யலாம் என்று அனுமதி கொடுக்கிறது. அந்தப் பட்டியலில் பூர்வகுடிகள் இல்லை. 27ஆம் உறுப்புரை மக்களின் பண்பாடுகளையும் மொழிகளையும் வளர்க்க அரசு உதவவேண்டும் என்கிறது. ஆனால் அது அரசுக்கு வழிகாட்டும் கோட்பாடு மட்டுமே. அதை வைத்து நீதிமன்றம் போக முடியாது என்று 29ஆம் உறுப்புரை கதவை மூடிவிடுகிறது.

ஒரு வேடர் தனி மனிதராகத் தன் உரிமை கேட்டு உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஒரு சமூகமாக, ஒரு காட்டையும் களப்பையும் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திவந்த மக்களாக நின்று பேச அரசியலமைப்பு இடம் வைக்கவில்லை.

எத்தனை பேர் இருக்கிறார்கள்? சிறிய கூட்டத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய பேச்சு?

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படும் கேள்வி இதுதான். பதிலைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிரித்தானியர் காலத்துக் குடிசன மதிப்பீடுகளில் வேடர் என்று தனிப் பிரிவு இருந்தது. 1911இல் நாடு முழுவதும் சுமார் 5,300 பேர். 1953இல் அது சுமார் 800 ஆகக் குறைந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளில் அத்தனை பேரும் செத்துப்போய்விடவில்லை. எழுதுபவர் தமிழ் பேசியவர்களைத் தமிழர் என்றும், சிங்களம் பேசியவர்களைச் சிங்களவர் என்றும் எழுதிக்கொண்டு போனார். பிறகு அந்தப் பிரிவே மறைந்தது. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின் இன அட்டவணையில் பறங்கியர், மலாயர், இலங்கைச் செட்டி, பரதர் வரை பெயர் இருக்கிறது. வேடர் இல்லை. 'ஏனையோர்' இருக்கிறது. பிறப்புச் சான்றிதழிலும் தாய் தகப்பனின் இனம் என்ற இடத்தில் மூதூர் கிழக்கில் பெரும்பாலும் 'இலங்கைத் தமிழர்' என்றே விழுகிறது.

இதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். அரசியலமைப்பின் 99அ உறுப்புரையைப் பாருங்கள். கட்சிகள் நாடு முழுவதும் எடுத்த வாக்குகளுக்கேற்பப் பங்கிடப்படும் தேசியப் பட்டியலின் 29 ஆசனங்களைப் பற்றியது அது. ஏதாவது ஒரு சமூகத்தின் பாராளுமன்றப் பிரதிநிதித்துவம் அதன் தேசியச் சனத்தொகை விகிதத்துக்கு ஈடாக இல்லையென்றால், முடிந்தவரை அதை ஈடுசெய்யும்படி கட்சிச் செயலாளர்களிடம் தேர்தல் ஆணைக்குழு கேட்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. கட்டாயம் இல்லை, வேண்டுகோள் மட்டும்தான். ஆனால் அந்த வேண்டுகோளைக் கூட வேடர்களுக்காக விடுக்க முடியாது, ஏனென்றால் விகிதம் கணக்கிட எண்ணிக்கை வேண்டும். எண்ணாமல் விட்டதே ஒரு அரசியல் முடிவு. 'எத்தனை பேர்?' என்று அவர்களிடம் கேட்பதற்கு முன், ஏன் எண்ணவில்லை என்று அரசிடம் கேட்கவேண்டும்.

அவர்கள் தமிழர்தானே? தனியாகப் பிரித்தால் திருகோணமலையில் தமிழரின் பலம் குறைந்துவிடாதா?

இந்தப் பயத்தை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். இந்த மாவட்டத்தில் தமிழ் பேசும் மக்களுக்கு எண்ணிக்கை என்றால் நெஞ்சு பதறும். கந்தளாய், அல்லைக் குடியேற்றத் திட்டங்களையும், சேருவில என்று ஒரு தொகுதி உருவானதையும் பார்த்த ஊர் இது. மொத்தம் நான்கு ஆசனங்கள். 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு இரண்டு, ஐக்கிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக் கட்சிக்கு ஒன்று என்று முடிந்தது. இங்கே சில ஆயிரம் வாக்குகள் பக்கம் மாறினாலே ஒரு ஆசனம் போய்விடும். வேடர்களைத் தமிழரிடமிருந்து கழித்துவிட்டு, பிறகு அவர்களின் காணியில் வேறு யாரையாவது குடியேற்றுவார்கள் என்ற அச்சமும் வெறும் கற்பனை இல்லை.

ஆனால் இதற்குப் பதில் அவர்களை மறைத்துவைப்பது ஆகாது. அங்கீகாரம் என்பது மொழியைப் பிடுங்குவதில்லை. நல்லூரில் பிறந்த பிள்ளை தமிழில் படிக்கும், தமிழில் கனவு காணும், விரும்பினால் தமிழ்க் கட்சிக்கு வாக்களிக்கும். வேடராகவும் தமிழ் பேசுபவராகவும் ஒரே ஆள் இருக்கலாம். வாக்காளரையே தெரிவுசெய்ய விடும் வழியும் உலகத்தில் உண்டு. நியூசிலாந்தில் மாவோரி மக்களுக்கு 1867இலிருந்து தனி ஆசனங்கள் இருக்கின்றன, இன்று ஏழு. எந்த மாவோரியும் மாவோரி வாக்காளர் பட்டியலில் சேரலாம், அல்லது பொதுப் பட்டியலிலேயே இருக்கலாம். அது அவரவர் விருப்பம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 1985இல் இலங்கை அரசோடு திம்புவில் நடந்த பேச்சுவார்த்தையில் தமிழர் தரப்பு எங்களைத் தனித் தேசிய இனமாக ஏற்றுக்கொள், எங்கள் தாயகத்தை ஏற்றுக்கொள் என்று கேட்டது. நாங்கள் யார் என்பதை நாங்களே சொல்வோம் என்பது அந்தக் கோரிக்கையின் அடிநாதம். அதே வாயால் பக்கத்துக் கிராமத்து மனிதரிடம் 'நீ யார் என்பதை நான் சொல்கிறேன்' என்று சொல்ல எங்களுக்கு நியாயம் கிடையாது. வெருகல் சித்திர வேலாயுத சுவாமி கோயிலில் வேடர் குலத்து வள்ளியைத் தாயே என்று கும்பிடுகிறோம். திருவிழா முடிந்து திரும்பியதும் அந்தக் குலத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்யும் பழக்கமும் எங்களிடம்தான் இருக்கிறது. பல குடும்பங்கள் தங்களை வேடர் என்று சொல்லத் தயங்குவதற்கு அரசு மட்டும் காரணம் இல்லை.

தம்பானைத் தலைவர் எல்லா வேடர்களுக்காகவும் பேசுகிறாரே, அது போதாதா?

ஊருவரிகே வன்னில அத்தோ மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. 1983இல் மாதுரு ஓயா தேசிய பூங்கா பிரகடனம் செய்யப்பட்டபோது அவருடைய மக்கள் வேட்டைக் காட்டை இழந்தார்கள். அந்த வழக்கை அவர் 1996இல் ஜெனீவாவில் பூர்வகுடிகள் பற்றிய ஐ.நா. செயற்குழுவின் முன் கொண்டுபோய் வைத்தார். 2020இல் பொல்லேபெத்தைப் பக்கம் காடழிப்பை எதிர்த்து மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை போனார். நாட்டில் பூர்வகுடி என்ற பேச்சு உயிரோடு இருப்பதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

இருந்தாலும் தம்பானை சிங்களம் சூழ்ந்த காட்டுப் பிரதேசம். இங்கே இருப்பவர்கள் தமிழ் பேசும், களப்போடும் கடலோடும் வாழும், போரில் இடம்பெயர்ந்த மக்கள். பிரச்சினைகள் வேறு. கொழும்பில் ஒரு குழுவோ ஆணைக்குழுவோ அமைத்துத் தம்பானையை மட்டும் அழைத்தால் உப்பூறலின் களப்பு யார் வாயில் வரும்?

சட்டப் பட்டியலில் பெயர் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டையே பாருங்கள். நரிக்குறவர்கள் தங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கச் சொல்லிப் பல பத்தாண்டுகள் கேட்டார்கள். அதற்கான சட்டத்தை இந்திய நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. முதல் பட்டியல் எழுதும்போதே கரையோர வேடர் என்று எழுதிவிட்டால் எங்கள் பிள்ளைகள் காலத்திலும் இதே மனுவைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டி வராது.

பாராளுமன்றத்தில் அவர்களுக்கு ஒரு ஆசனம் கிடைக்குமா?

இன்றைய முறையில் மாவட்டத்தில் போட்டியிட்டு வெல்வது நடக்காத காரியம். மாவட்டத்தில் விழுந்த செல்லுபடியான வாக்குகளில் 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சியும் சுயேச்சைக் குழுவும் ஆசனப் பங்கீட்டிலிருந்தே வெளியே போய்விடும். 2 இலட்சம் வாக்கு விழுந்தால் வாசற்படி மட்டும் 10,000.

மிஞ்சுவது ஒதுக்கீடுதான். இது எங்களுக்குப் புதிதும் இல்லை. 1947ஆம் ஆண்டு சோல்பரி அரசியலமைப்பின் கீழ், தேர்தலால் போதிய பிரதிநிதித்துவம் கிடைக்காத நலன்களுக்காக ஆறு பேர் வரை நியமிக்கலாம் என்றிருந்தது. 1972இல் அது ஒழிந்தது. இந்தியாவில் மக்களவையின் 543 தொகுதிகளில் 47 பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றன. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டு.

இலங்கையில் தேசியப் பட்டியலில் ஒரு ஆசனத்தைப் பூர்வகுடிகளுக்கென்று சட்டத்தாலேயே ஒதுக்கலாம். ஒரே ஒரு நிபந்தனை: ஆளைத் தெரிவு செய்வது சமூகமாக இருக்கவேண்டும், கட்சிச் செயலாளராக இருக்கக்கூடாது. கட்சி தேர்ந்தெடுத்தால் அவர் கட்சிக்குத்தான் கணக்குக் காட்டுவார். அந்த ஆசனம் தம்பானைக்கும் கரையோரத்துக்கும் மாறி மாறிப் போகவும் ஏற்பாடு வேண்டும்.

அப்படியானால் தொடங்கவேண்டிய இடம் பாராளுமன்றமா?

என் அபிப்பிராயத்தில் பிரதேச சபை. 225 பேருக்குள் ஒருவர் பேச்சுத்தான் பேசலாம். வெருகல் பிரதேச சபையிலோ மூதூர் பிரதேச சபையிலோ ஒருவர் இருந்தால் கிணறு, ஒழுங்கை, மயானம், வீதி விளக்கு என்று கையில் பிடிக்கக்கூடிய விடயங்களில் வாக்களிப்பார். உள்ளூராட்சித் தேர்தல் இப்போது 60 வீதம் வட்டாரத்தாலும் 40 வீதம் பட்டியலாலும் நடக்கிறது. பல சமூகங்கள் கலந்து வாழும் இடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பினரைத் தெரிவுசெய்யும் வட்டாரங்களை அமைக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. பெண்களுக்கு 25 வீத ஒதுக்கீடு 2016இல் சட்டமாகி 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. ஒதுக்கீட்டால் சபை ஓடாது என்று அன்று சொன்னார்கள். சபைகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. இதே பாதையில் பூர்வகுடிகள் வாழும் சபைகளில் ஒரு ஆசனம் வைப்பதற்குச் சாதாரணச் சட்டத் திருத்தமே போதும்.

கிழக்கு மாகாண சபையைப் பற்றியும் கேட்பார்கள். 2012க்குப் பிறகு அதற்குத் தேர்தலே நடக்கவில்லை, 2017இல் கலைந்தது. இல்லாத சபையில் ஆசனம் கேட்டு என்ன பயன்?

அரசியலமைப்பில் பெயரைச் சேர்க்கச் சர்வசன வாக்கெடுப்பு வேண்டுமா?

கவனமாக எழுதினால் வேண்டியதில்லை. 83ஆம் உறுப்புரை சில உறுப்புரைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றைத் தொட்டால் மூன்றிலிரண்டு பெரும்பான்மையோடு சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்கிறது. 12, 27, 99அ மூன்றும் அந்தப் பட்டியலில் இல்லை. 12(4)இல் 'பூர்வகுடிகள்' என்று சேர்ப்பதற்கும், 99அவில் ஒரு ஆசனம் ஒதுக்குவதற்கும் 150 உறுப்பினர்களின் வாக்கு போதும் என்பது என் வாசிப்பு.

வாக்கெடுப்பு வழியைத் தவிர்ப்பது ஏன் நல்லது? அவுஸ்திரேலியாவில் பூர்வகுடிகளை அரசியலமைப்பில் அங்கீகரித்து அவர்களுக்கென ஓர் ஆலோசனை அமைப்பை வைக்கும் யோசனையை 2023 அக்டோபர் 14ஆம் திகதி வாக்கெடுப்புக்கு விட்டார்கள். சுமார் 60 வீதத்தினர் வேண்டாம் என்றார்கள், ஆறு மாநிலங்களிலும் தோற்றது. மிகச் சிறிய சமூகத்தின் உரிமையை மிகப் பெரிய கூட்டத்தின் கையில் கொடுத்தால் இப்படி முடிவதற்கு எல்லா வாய்ப்பும் உண்டு. முழுப் புதிய அரசியலமைப்பு வந்தால் வாக்கெடுப்பு எப்படியும் வரும். அதற்காகக் காத்திருக்காமல் இந்தத் திருத்தத்தை முன்னரே கேட்கலாம்.

ஐ.நா. பிரகடனம் இலங்கையைக் கட்டுப்படுத்துமா?

சட்டப்படி கட்டுப்படுத்தாது. பூர்வகுடிகளின் உரிமைகள் பற்றிய பிரகடனம் 2007 செப்டெம்பர் 13ஆம் திகதி 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. இலங்கையும் ஆதரித்து வாக்களித்தது. கட்டுப்படுத்தக்கூடியது சர்வதேசத் தொழில் அமைப்பின் 169ஆம் இலக்க உடன்படிக்கை, அதில் இலங்கை இன்னும் சேரவில்லை. ஆனாலும் கையுயர்த்தியதை நினைவூட்டலாம்தானே.

யார் வேடர் என்பதை யார் தீர்மானிப்பது? ஒதுக்கீடு வந்தால் எல்லோரும் வேடராகிவிடமாட்டார்களா?

ஐ.நா. பிரகடனத்தின் 33ஆம் உறுப்புரைப்படி, தங்கள் அடையாளத்தையும் உறுப்புரிமையையும் தங்கள் வழக்கப்படி தீர்மானிக்கும் உரிமை அந்த மக்களுக்கே. நடைமுறையில் இரண்டு படிகள் போதும். ஒருவர் தன்னை வேடர் என்று சொல்லவேண்டும், கிராமத்து மூத்தோர் ஆமென்று சொல்லவேண்டும். மூதூர் கிழக்கில் யார் எந்த வழியில் சொந்தம், எந்தச் சடங்கை யார் வைப்பது என்பது ஊருக்கே தெரியும். யார் எந்த இனம் என்று மண்டையோட்டை அளந்து சொன்ன காலத்துக்கு நாங்கள் திரும்பத் தேவையில்லை. அப்புறம், இத்தனை வறுமையையும் கேலியையும் தாங்கும் ஒரு பெயரை ஒரு பிரதேச சபை ஆசனத்துக்காகக் கூட்டம் கூட்டமாக வந்து யாரும் சூடிக்கொள்வார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆசனம் இருக்கட்டும், காணி?

இதைத்தான் அந்தக் கிராமங்களில் முதலில் கேட்கிறார்கள். 2004இல் கடல் வந்தது. 2006இல் போர் வந்து மூதூர் கிழக்கு முழுவதும் வெருகல், வாகரை வழியாக இடம்பெயர்ந்தது. 2007 மே மாதம் மூதூர் கிழக்கும் சம்பூரும் அதியுயர் பாதுகாப்பு வலயமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. பிறகு சம்பூரில் அனல் மின் நிலையம் என்றார்கள். 2015இல் 818 ஏக்கர் விடுவிக்கப்பட்டது, 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது, இப்போது அங்கே சூரிய மின் திட்டம். ஒவ்வொரு முறையும் காணி உறுதி வைத்திருந்தவர்கள் உறுதியைக் காட்டிக் கேட்டார்கள். தேன் எடுக்கும் காட்டுக்கும் கிழங்கு கிண்டும் மேட்டுக்கும் யார் உறுதி எழுதியிருந்தார்கள்? 1907ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கண்ணில் பாட்டன் நடந்த அதே பாதையில் நடக்கும் பேரன் அத்துமீறி நுழைந்தவன்.

ஆகவே அங்கீகாரம் என்று எழுதினால் அதில் பெயருக்கும் ஆசனத்துக்கும் அடுத்து மூன்றாவது வரியாக வழக்கப்படியான பயன்பாட்டு உரிமையும் வரவேண்டும். இந்தியா 2006இல் வன உரிமைச் சட்டத்தில் குடும்பத்துக்கும் கிராமத்துக்கும் அப்படி உரிமை கொடுத்தது. ஒரு திட்டம் வருமுன் அந்த மக்களிடம் உள்ளதைச் சொல்லி, அவர்கள் சுயமாகச் சம்மதித்த பிறகே தொடங்கவேண்டும் என்று ஐ.நா. பிரகடனமும் சொல்கிறது. காடும் களப்பும் கையைவிட்டுப் போனபின் கிடைக்கும் ஆசனத்தில் இருப்பவர் எதைக் காப்பாற்றுவார்?

இப்போது, இந்த நிலைமையில், என்ன செய்யலாம்?

கிராமத்தில் இருப்பவர்கள் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் முதலில் சரிசெய்துகொள்ளுங்கள். இடப்பெயர்வில் பத்திரம் தொலைந்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று ஆண்டுதோறும் விதானையாரிடம் பாருங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் காடு, எந்தக் களப்பு, எந்தப் பெயர் என்று ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். நாளைக்கு உரிமை கேட்கும்போது அதுவே சாட்சி. உங்கள் கிராமத்துக் காணி எந்தத் திணைக்களத்தின் கீழ் எப்போது போனது என்பதை 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேட்கலாம்.

வெளியே இருப்பவர்கள் செய்யவேண்டியது வேறு. 2016இல் அரசியலமைப்புச் சீர்திருத்தத்துக்கான மக்கள் கருத்தறியும் குழு நாடு முழுவதும் போய்க் கருத்துக் கேட்டது. இனியும் அப்படி ஒரு குழு வரும். வந்தால் திருகோணமலைக் கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) ஒரு நாள் இருந்துவிட்டுப் போகவேண்டாம், ஈச்சிலம்பற்றிலும் பாட்டாளிபுரத்திலும் ஒரு நாள் இருங்கள் என்று இப்போதிருந்தே எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேளுங்கள். நாள் கூலிக்குப் போகும் ஒருவர் கூலியை விட்டு, பஸ் மாறி நகரத்துக்கு வந்து, மூன்று நிமிடம் பேசிவிட்டுத் திரும்பவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. குழு போகவேண்டும், தமிழில் கேட்கவேண்டும், அவர்கள் சொன்னதை எழுதி அவர்களுக்கே வாசித்துக்காட்டவேண்டும்.